தப்பாக நிற்க ஒரு ஆள்

மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சுருட்டிய வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைக் காட்டிச் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவரும் அதே வானத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். இலவசமாகப் படங்கள் கிடைக்கும் தளங்களில் 'தொழிற்சாலை' என்று எப்படித் தேடினாலும் முதலில் வந்து நிற்பது இவர்கள்தான். சொந்தக்காரர்களைவிட இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். யார் எந்தத் தளத்தில் இருக்கிறார், யாருக்கு எந்தப் படத்தில் தாடி இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அந்த வானத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

என் பிழைப்பு இந்தப் படங்களோடுதான். ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சாயங்காலமானால் பன் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து பசியைக் கிளப்பும். தொழிற்சாலைகளில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் ஒரு அறையில் உட்காரவைத்துத் திரையில் பாதுகாப்புப் பாடம் காட்டுவார்கள். அந்தப் பாடங்களை ஆன்லைனில் ஓடுகிற மாதிரி தயாரித்துக் கொடுக்கிறோம். அந்த அறையில் தர்மபுரிக்காரர் இருப்பார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் இருப்பார், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கன்னடக்காரர் வருவார், ரயிலேறி ஒடிசாவிலிருந்து வந்தவரும் இருப்பார். எழுத்தை யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள். அதனால் படம் சரியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் கட்டளை.

சரியான படம் கிடைத்தால்தானே? இந்தியத் தொழிலாளி என்று தேடினால் தலையில் செங்கல் சுமக்கிற பெண் வருவாள், தறியில் உட்கார்ந்த கிழவர் வருவார், டீயை ஆற்றுகிறவர் வருவார். நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, மெஷின் பக்கத்தில் நிற்கிற ஒரு சாதாரண ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது போலிருக்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஷிப்ட் பஸ் வருகிற நேரத்தில் நின்று பாருங்கள், அப்படிப்பட்டவர்களை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். தளங்களில் மட்டும் அவர்களைக் காணோம். தேடித் தேடிக் கண் பூத்து, தோள்பட்டை இறுகி, கடைசியில் அந்த வெள்ளைக்காரரையே கொண்டுவந்து ஒட்டுவேன்.

அதையாவது சமாளித்துவிடலாம். பெரிய தலைவலி வேறு ஒன்று. எங்கள் பாடங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு படம் வரும். இடது பக்கம் சரியாகச் செய்கிறவர், பச்சை டிக். வலது பக்கம் தப்பாகச் செய்கிறவர், சிவப்பில் பெருக்கல் குறி. இப்படித்தான் வேண்டும் என்று எல்லாக் கம்பெனியும் கேட்கும். சரியாகச் செய்கிறவர் படம் கொட்டிக் கிடக்கிறது. தப்பாகச் செய்கிறவர் படம் எங்கேயும் இல்லை. யோசித்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. கேமரா முன்னால் நிற்கிற யாராக இருந்தாலும் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்துதான் நிற்பார்கள். தப்பாக நிற்பதற்கு யார் வருவார்கள்?

தொழிற்சாலைக்குள் போய் நாமே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கேட்டிலேயே செக்யூரிட்டி போனை வாங்கி, பின்பக்கக் கேமராமேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வெளியே வரும்போது அது பிரியாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே கதைதான். அந்தப் பசை போகாமல் என் போனில் எடுக்கிற படங்களில் பாதி புகை மூட்டமாகத்தான் விழும்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. எங்கள் ஆபீசில் முன்பு இருந்த ஒருவர், கூகுளில் வந்த படத்தை அப்படியே எடுத்துப் பாடத்தில் போட்டுவிட்டார். அது விலைக்கு விற்கிற படம். எங்கிருந்தோ நோட்டீஸ் வந்துவிட்டது. முதலாளி ஆடிப்போனார். அன்றிலிருந்து புதுச் சட்டம். எந்தப் படத்தைப் போட்டாலும் அது எந்த இலவசத் தளத்திலிருந்து வந்தது, என்ன உரிமத்தில் வந்தது என்று லிங்க் காட்ட வேண்டும். லிங்க் இல்லாத படம் உள்ளே வரக்கூடாது. "நானே எடுத்த படம்ங்க சார்" என்றேன் ஒருமுறை. "அப்ப லிங்க் எங்கம்மா?" என்றார். அவர் கேட்டதில் கொஞ்சமும் கிண்டல் இல்லை. அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நாமே படம் எடுப்பது, இலவசத் தளத்தில் நாமே ஏற்றுவது, பிறகு அங்கிருந்து நாமே இறக்கிக்கொள்வது. லிங்க் வந்துவிடும். முதலாளிக்கும் நிம்மதி. வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது தினப்படி வேலையாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சிவகங்கைப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் பாரூர்க்காரி. எங்கள் வீட்டில் கரும்பும் நெல்லும்தான் தெரியும். இவரைப் போன்ற ஜாக்கிரதைக்காரரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. தெருமுனையில் பால் வாங்கப் போவதற்கும் ஹெல்மெட். படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காமல் தூங்கமாட்டார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்துப் படியில் மாலையும் கழுத்துமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளைக்கு முட்டி வலியா என்று என் தம்பி கேட்டான். இன்றைக்கும் அதைச் சொல்லி ஓட்டுவான்.

தப்பாக நிற்க ஆள் கிடைக்காமல் நான் மண்டை காய்ந்து கிடந்தபோது, கையருகில் இருந்தவர் இவர்தான். ஒரு வார விடுமுறை நாளில் வாடகை வீட்டின் கீழே பைக் நிறுத்துகிற இடத்தில் வைத்து எடுத்தோம். அவருடைய யூனிபார்மில் கம்பெனிப் பெயர் தெரியாமல் சட்டைப்பையின்மேல் ஒரு துணியைத் தைத்தேன். செருப்போடு இரும்புக் குழாயை இழுப்பது ஒரு படம். முதுகை வளைத்து மூட்டையைத் தூக்குவது ஒன்று. போனைப் பார்த்தபடி நடப்பது ஒன்று. ஒரு கையில் வாளியோடு ஏணியில் ஏறுவது ஒன்று. மனிதருக்குத் தப்பு வரவேயில்லை. மூட்டையைத் தூக்கச் சொன்னால் தானாகவே முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருகிறார்.

"இன்னும் கொஞ்சம் முதுக வளைங்க" என்றேன்.

"வளைச்சா இடுப்பு போயிரும்."

"மூட்டைல பஞ்சுதாங்க இருக்குது."

"பஞ்சா இருந்தா என்ன, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று முனகிக்கொண்டே வளைந்தார். மேல்வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்ததாக நினைவில்லை.

ஏற்றுவதற்கு முன் தளம் கேட்டது. இதை யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும், கேட்காமலே பயன்படுத்தலாம், சம்மதமா? அவரிடம் படித்துக் காட்டினேன். "என் மூஞ்சி எவனுக்கு வேணும், போடு" என்றார். போட்டேன். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று தொழிற்சாலை, இந்தியா, தொழிலாளி, தவறான முறை என்று நான்கைந்து சொற்களையும் சேர்த்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எனக்கு இருந்த தலைவலி எனக்கு மட்டும் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. பெங்களூரிலும் கிருஷ்ணகிரியிலும் பாடம் தயாரிக்கிற அத்தனை பேரும் தப்பாக நிற்க ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இவர் கிடைத்துவிட்டார். நம் ஊர் முகம், நம் ஊர்ச் சட்டை, அதுவும் இலவசம். அவருடைய சிநேகிதர் ஒருவர் வேலை பார்த்த கம்பெனியின் கேன்டீன் சுவரில் சிவப்புக் குறியோடு தொங்கினார். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரத்து ஷூ கடை ஒன்று, செருப்போடு நிற்கிற அவர் படத்தைப் போட்டு, 'நீங்களும் இப்படியா?' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. மண்டிக்குப் போன என் தம்பி அதைப் படம் பிடித்து அனுப்பி, "மாமா பெரிய ஆளாயிட்டாரு" என்று எழுதியிருந்தான். நாங்களும் சிரித்தோம். சோற்றுக்கு வேலை இருந்தது, சிரிக்க முடிந்தது.

பிறகு அவர் வேலை பார்த்த உற்பத்தி லைனையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார்கள். அங்கே கொடுக்கிற சம்பளத்தில் போகவும் முடியாது. அவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது தப்பு. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சிப்காட் பக்கம் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார்.

நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முதலில் சான்றிதழைப் பார்ப்பார்களாம். பிறகு முகத்தைப் பார்ப்பார்களாம். "உங்கள எங்கியோ பாத்த மாதிரியே இருக்குதே" என்பார்களாம். இவருக்குப் பொய் வராது. பாதுகாப்புப் பாடத்துல இருக்கிற ஆளு நான்தான் சார் என்று சொல்லிவிடுவார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, அடுத்த அறைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். படத்தால்தான் என்று எப்படிச் சொல்வது? அங்கே காலி இடம் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். அவர் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். எப்படி இருந்தது என்று நான் கேட்கமாட்டேன். எனக்குக் கேட்கத் தெம்பு இல்லை.

கடைசியில் குருபரப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். புரபேஷன் முடிந்தால் நிரந்தரம். முதல் நாள் புதியவர்களையெல்லாம் அறையில் உட்காரவைத்து விளக்கை அணைத்துத் திரையைப் போட்டார்கள். வலது பக்கம் இவர் முகம், மேலே சிவப்புக் குறி. அடுத்த பக்கம், மறுபடியும் இவர். யாரோ திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பாடம் நடத்தினவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? நானுந்தான் சிரிச்சேன்" என்றார்.

அங்கே அவருக்குப் பெயர் 'தப்பண்ணா' என்று ஆகிவிட்டது. சின்னப் பையன்கள் ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள், அதில் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை என்றார். மோட்டாரில் சத்தம் வந்தால் தப்பண்ணாவைக் கூப்பிடு என்பார்களாம். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். வாழ்க்கையில் ஒருநாள் கூட ஷூ கயிறு அவிழ்ந்து நடந்திராத மனிதருக்கு இந்தப் பெயர். யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கூப்பிடுகிறவர்கள்மேலா, இவர்மேலா, என்மேலா? ஆபீசில் உட்கார்ந்து அடுத்த பாடத்துக்கு அடுத்த வெள்ளைக்காரரைத் தேடிக்கொண்டிருப்பேன். கை தானாக வேலை செய்யும், மனசு ஓடாது.

புரபேஷன் முடிய இருந்த சமயத்தில், ஒரு மெஷினிலிருந்து சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவம் ஒழுகி, அதில் ஒருவர் வழுக்கி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கூட்டம் கூடினதும் எல்லோர் கண்ணும் முதலில் இவர் பக்கம் திரும்பியதாம். அன்றைக்கு இவர் அந்த வரிசையிலேயே இல்லை. விசாரித்ததில் ஹோஸ் குழாயை இறுக்குகிற கிளாம்ப் உடைந்தது தெரிந்து, விஷயம் முடிந்தது. ஆனால் பிளான்ட் தலைமை அதிகாரியின் காதுக்குப் போனது கிளாம்ப் இல்லை. பாடத்தில் தப்பு செய்கிற ஆள் நம் லைனிலேயே வேலை செய்கிறான் என்பதுதான் போனது. அடுத்த வாரம் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். பாடத்தையும் பார்ப்பார்கள், லைனையும் பார்ப்பார்கள். சேஃப்டி அதிகாரி இவரைக் கூப்பிட்டு, புரபேஷன் முடிகிறதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுத்துவிட்டார். கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். கேட்டில் என் போனுக்கு வழக்கம்போல ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சேஃப்டி அதிகாரி இந்தப் பக்கத்து மனிதர்தான். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், அவரு வேலைல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். என் கையில இருந்தா இப்பவே கன்ஃபர்ம் பண்ணிடுவேன். ஆனா ஸ்கிரீன்ல தப்புன்னு காட்டற ஆளு மெஷின் பக்கத்துல நின்னுக்கினு இருந்தா ஆடிட்டர் என்னா கேப்பாரு? சொல்லுங்க."

"அப்ப படத்த மாத்துங்க சார்."

"படத்த மாத்தணும்னா பாடம் செஞ்சி குடுத்த பெங்களூர்க் கம்பெனிக்குச் சொல்லணும். அவங்க செஞ்சி அனுப்பணும். மறுபடியும் மேல இருக்கறவங்க எல்லாம் கையெழுத்துப் போடணும். ஆடிட்டுக்குள்ள ஆவாது." மேசையிலிருந்த ஃபைலை மூடினார். "ஆள மாத்தறதுதான் சுலபம் மேடம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். படம் தேடித் தேடி நான் சோர்ந்துபோனது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தானா என்று தோன்றியது. அழக் கூடாது என்று இருந்தேன், கண் நிறைந்துவிட்டது. அவர் பதறி, பெங்களூர்க்காரர்களுக்கு அப்போதே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். "சார், அது ஃப்ரீ இமேஜ். உரிமம் எல்லாம் கரெக்டா இருக்கு. லிங்க் அனுப்பட்டுமா?"

"லிங்க் என்கிட்ட இருக்கு" என்றேன். "அத ஏத்துனதே நான்தான்."

அவளும் என்னைப் போன்றவள்தான் என்பது தெரிகிற குரலில் பேசினாள். "மேடம், அவர விட்டா வேற ஆளே கிடைக்கல மேடம். எவ்ளோ தேடியிருப்பேன் தெரியுமா?" எனக்குத் தெரியாதா? எழுத்து எதுவும் மாறாமல், அதே நிலையில், அதே அளவில் வேறு ஆள் நிற்கிற படங்கள் கிடைத்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்றாள். எழுத்து மாறாவிட்டால் மேலே கையெழுத்து வேண்டாம் என்று சேஃப்டி அதிகாரியும் சொன்னார். "திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க மேடம். யாரா இருந்தாலும் பரவால்ல. இங்க வேல செய்யற ஆளா மட்டும் இருக்கக் கூடாது."

பஸ்ஸில் வரும்போதே போனில் தளத்தைத் திறந்து அவருடைய படங்களை நீக்கினேன். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களுக்கு இது பொருந்தாது என்று தளம் சொன்னது. அது எனக்கும் தெரியும். மறுபடியும் எல்லாத் தளங்களிலும் தப்பாக நிற்கிற வேறு ஆளைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் இவர்தான். யாரோ அவரை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், யாரோ சட்டையின் நிறத்தை மாற்றியிருந்தார்கள். சொன்னால் வரைந்து தருகிற ஏஐ கருவியிடம் கேட்டுப் பார்த்தேன். அது கொடுத்த ஆளுக்கு ஏணியில் கால் வைக்கப் படியே இல்லை. போதாததற்கு, அப்படி வரைந்த படங்கள் பாதுகாப்புப் பாடத்தில் கூடாது என்று அந்தக் கம்பெனியில் விதி.

பாரூருக்குத் தம்பிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் இழுத்தான்.

"யக்கா, எனக்குப் பொண்ணு பாத்துனு இருக்காங்க. நாளைக்கிப் பொண்ணு ஊட்டுக்காரங்க ஹைவேல இத பாத்தா என்னா நெனப்பாங்க?"

"மொகம் தெரியாம எடுக்கறன்டா."

"மாமாவுக்கும் அப்பிடித்தான சொல்லியிருப்ப" என்றான். சொல்லவில்லை. அப்போது அது எனக்குத் தோன்றவேயில்லை. மேல்வீட்டுக்காரர், தெருவில் எலக்ட்ரீஷியன் என்று யாரிடம் கேட்டாலும் தலையைச் சொறிந்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பழைய யூனிபார்ம் சட்டையை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். தோளில் தொங்கியது, கையை மடித்துவிட்டேன். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனிக்குப் போய் வந்ததைச் சொன்னதும் முகம் சுண்டிப்போனது.

"எனக்காக நீ போய்க் கெஞ்சுனியா?"

"கெஞ்சல. அழுதேன். அவ்ளோதான்."

"ஒனக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு ஒன் மூஞ்சிலயும் சிவப்புக் குறி போடுவாங்ய."

"நான் எந்த கம்பெனிக்கு வேலைக்குப் போப்போறேன்? போன எடுத்துக்கினு கீழ வாங்க."

முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். செருப்போடு குழாயை இழுத்தேன். முதுகை வளைத்து மூட்டையைத் தூக்கினேன். போனைப் பார்த்தபடி நடந்தேன். இதெல்லாம் எனக்குப் பழகின தப்புகள், சுலபமாக வந்தன. அவர் எடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, வெயிலும் ஏறிவிட்டது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

கடைசியாக ஏணி. சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையில் வாளியோடு, செருப்புக் காலால் ஏறினேன். எடுத்தாரா என்று திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, கை படத்துல விழுது. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். இன்னும் ஒரு படி ஏறினேன். வாளி ஆடியது. இறங்கிவந்து போனை வாங்கிப் பார்த்தால் அதிலும் கை இருக்கிறது. மறுபடியும் ஏறினேன். "எடுத்துட்டீங்களா?" என்றால் "ம்" என்பார். இறங்கிப் பார்த்தால் கீழ் ஓரத்தில் அவருடைய விரல்கள் ஏணியை இறுகப் பிடித்திருக்கின்றன. எனக்கு அலுத்துவிட்டது.

"என்னங்க நீங்க? விழுந்தா விழறேன். படம் வேணும்ங்க. வேல வேணும்ங்க."

"எனக்குத் தெரியுது" என்றார். "கை கேக்க மாட்டேங்குது."

அதற்குமேல் நான் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. மேலே போய்க் கம்ப்யூட்டரில் போட்டு, படத்தின் கீழ் ஓரத்தை வெட்டினேன். வெட்டினதும் அது தப்பான படமாகிவிட்டது. இந்தத் தடவை எந்தத் தளத்திலும் ஏற்றவில்லை. இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் என்று எழுதி, நேராகப் பெங்களூர்ப் பெண்ணுக்கு அனுப்பினேன். நன்றி மேடம் என்று பதில் போட்டாள், கூடவே ஒரு அழுகிற முகமும்.

திங்கட்கிழமை படங்கள் மாறின. ஆடிட் வந்து போனது. அவருக்குக் கன்ஃபர்ம் ஆகி, வேறு நிறத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள். தப்பண்ணா என்கிற பெயர் மட்டும் போகவில்லை, போகாது என்றுதான் நினைக்கிறேன். மற்ற கம்பெனிகளின் சுவர்களில் அவர் இன்னமும் சிவப்புக் குறியோடு நிற்கிறார். அதையெல்லாம் தேடிப் போய் மாற்ற எனக்குத் தெம்பு இல்லை.

பாடத்தை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று, போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களோடு அவரையும் பின் வரிசையில் உட்காரச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒன் படத்தப் போட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல. யாருன்னே தெரியாதுல்ல." டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினார். "அந்த ஏணிப் படத்துல நீ ஒத்தையா நிக்கிற."

"நீங்க புடிச்சிருந்தா அது தப்பு இல்லைங்களே" என்றேன்.

"தெரியும்" என்றார். "பாக்க முடியல. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."